பழைமை பாராட்டல்

வயது முதிர்ந்த நடிகர் சிலரைச் சூழ்ந்துகொண்டு, தலை நரைத்த ரசிகர் பலர், அறுபது ஆண்டுகட்கு முன் ஒளிபரப்பான ஒரு விஞ்ஞானக் கற்பனை நாடகத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகின்றனர் என்று கேட்டால், கற்றோர் பலர் புன்னகை செய்வர். குடும்பத்துச் சிறுவரும் பெரியோரும் மாலைப்பொழுதில் ஒருங்கிருந்து காண்பதற்கென இயற்றப்பட்ட கதையை இத்துணைச் சிரத்தையுடன் ஆராய்வானேன்? மரப்பலகையாலும் அட்டையாலும் அமைத்த அரங்கில், உலோகப் பேழை போன்ற பகைவர் உருண்டோடிய காட்சியில், திரும்பத் திரும்பக் கண்டு மகிழ என்ன இருக்கிறது? இளமையைப் பறிகொடுத்தோர் அதனை மீட்டுக்கொள்ள முயலும் வீண் முயற்சியேயன்றி இது வேறென்ன? இவ்வாறு கேட்போரை யான் குறைகூறேன். ஒரு காலத்தில் யானும் அவ்வாறே கேட்டவன்.

இப்பொழுது என் அபிப்பிராயம் மாறிவிட்டது. அது மாறிய காரணத்தை இம்மலரைப் படிக்கும் மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சுருங்கச் சொன்னால் இதுவே என் கருத்து: பழைய நாடகத்தை அதன் ரசிகரும் அதில் நடித்தோரும் கூடித் திரும்பக் காணுதல், முறைப்படி செய்யப்படின், ஒரு சாட்சியம், வெறும் ஏக்கமன்று. ஆனால் சாட்சியம் பயன்தர வேண்டுமாயின் இரண்டு வேண்டும். ஒன்று, பேசப்படும் பொருள் கண்முன் இருத்தல்; மற்றொன்று, பேசுவோர் உண்மையே பேசுதல். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் நினைவு நம்மை ஏமாற்றும். இதற்கு உதாரணமாக "டாக்டர் ஹூ" என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் நாடகத்தின் வரலாற்றைக் காட்டுகிறேன்.

இந்நாடகம் 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் தேதி சனிக்கிழமை மாலை, பி.பி.சி. என வழங்கும் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. அதற்கு முந்தின நாளிலேதான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அத்துயரச் செய்தியில் உலகமே மூழ்கியிருந்தது. ஆதலின் அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியை மறுபடியும் காட்டினர். நாடகத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஸிட்னி நியூமன் என்னும் கனடா தேசத்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் பெண்மணி. அப்பொழுது அவருக்கு வயது 27. முதற்கதையை இயக்கியவர் லக்னோ நகரிற் பிறந்து இளமையிலேயே இங்கிலாந்து சென்ற வாரிஸ் ஹுசேன். அவருக்கு வயது 24. அவர் அன்னையார் ஆட்டியா ஹுசேன், ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ்பெற்றவர். ஒரு பெரிய ஸ்தாபனத்தின் முதியோர் பலர் நம்பிக்கையின்றி நோக்கிய வேலையை, ஓர் இளம் பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் ஏற்று நடத்தினர் என்பதை நாம் மனத்திற் கொள்வது நன்று.

நாடகத்தின் கதை எளிது. வேற்றுலகினின்றும் போந்த "டாக்டர்" என்னும் கிழவர் ஒருவர், "டார்டிஸ்" என்னும் ஊர்தியில் ஏறி, சென்ற காலத்திற்கும் வருங்காலத்திற்கும் தூர தேசங்கட்கும் பயணம் செய்கிறார். அவ்வூர்தி புறத்தே லண்டன் தெருக்களில் அக்காலத்து நின்ற போலீஸ் தொலைபேசிப் பெட்டி போன்றது. அகத்தே ஒரு மாளிகைபோல் விரிந்தது. டாக்டராக முதலில் நடித்தவர் வில்லியம் ஹார்ட்னல். 1966ஆம் ஆண்டில் அவர் உடல்நலம் குன்றவே, பாட்ரிக் ட்ரௌட்டன் அவ்விடத்திற்கு வந்தார். நடிகர் மாறியதை மறைக்க முயலாது, கதாநாயகன் தன் உடலையே புதுப்பித்துக்கொள்ள வல்லவன் என்று கதையிலேயே அமைத்துவிட்டனர். இந்த யுக்தியின் பலனாக நாடகம் 1989ஆம் ஆண்டுவரை இடையறாது வாழ்ந்தது. 2005ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றது. ஆகவே பழைய நடிகர்கள் என்று சொல்லத்தக்கோர் இந்நாடகத்திற்குப் பலர்; ஒவ்வொருவர் காலத்திற்கும் தனித்தனியே ரசிகர் கூட்டமும் உண்டு.

நிற்க. இந்நாடகத்திற்கு நேர்ந்த கேட்டினை இனிக் கூறுவேன். முதல் ஆறு ஆண்டுகளில், அதாவது ஹார்ட்னல், ட்ரௌட்டன் இருவர் காலத்தும், 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. அவை அகன்ற காந்த நாடாக்களிற் பதிவு செய்யப்பட்டவை. அந்நாடாவின் விலை அதிகம்; பதிந்ததை அழித்துவிட்டு வேறொன்றைப் பதிதலும் எளிது. நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒரு நாடகத்தைச் சில முறைக்குமேல் மறுபடி காட்டவும் இயலாது. அயல்நாடுகட்கு விற்பதற்கென ஏறத்தாழ எல்லாப் பகுதிகளையும் பிலிமிலும் படியெடுத்தனர். வர்ணத் தொலைக்காட்சி வந்ததும், கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்குவார் குறைந்தனர். ஆகவே 1967க்கும் 1978க்கும் இடையே முதலில் நாடாக்கள் அழிக்கப்பட்டன. பின்னர்ப் பிலிம் படிகளும் குப்பையிற் சேர்ந்தன. நாடாவைக் காப்பது தன் பொறுப்பென ஓர் இலாகாவும் கருதவில்லை. பிலிம் படிகள் வேறிடத்தில் இருக்குமென ஒவ்வோர் இலாகாவும் எண்ணிற்று.

இதனைச் செய்தவரைக் கொடியோர் என்று யான் கூறமாட்டேன். அவர்கள் தத்தம் கணக்கைப் பார்த்தனர், அலமாரியில் இடமில்லை என்றனர், செலவைக் குறைத்தனர். அவ்வக் காரணம் அவ்வவ்விடத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால் சிறு நியாயங்கள் பல கூடி ஒரு பெரு நஷ்டத்தை உண்டாக்கின. இந்நாட்டு இளைஞர் ஹுசேன் இயக்கிய "மார்க்கோ போலோ" என்னும் ஏழு பகுதிக் கதையில், 1964ஆம் ஆண்டில் ஒளிபரப்பானதன்பின், ஒரு பகுதியின் படமும் எஞ்சவில்லை. ஹார்ட்னல் உருமாறி ட்ரௌட்டனாகிய பகுதியும் மறைந்தது. வேறொரு நிகழ்ச்சியிற் காட்டுவதற்காக எடுத்தாளப்பட்டமையால் உருமாறும் அச்சிறு காட்சி மாத்திரம் தப்பிற்று. உலகின் நாற்புறமும் தேடிக் கிடைத்தவையெல்லாம் கிடைத்தபின், 2013ஆம் ஆண்டின் முடிவில் காணாமற்போனவை என எண்ணப்பட்ட பகுதிகள் 97.

இங்கேதான் ரசிகர் வருகின்றனர். அந்த 97 பகுதிகளில் ஒன்றின் ஒலியேனும் அழியவில்லை. ஒளிபரப்பான அந்நாளிலேயே இங்கிலாந்தின் வீடுகள் சிலவற்றில் இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மைக்கை வைத்து நாடகத்தின் வசனத்தைப் பதிவு செய்தனர். இன்னும் சிலர் பெட்டியின் உட்புறத்தே கம்பியை இணைத்துத் தெளிவாகவே பதிந்தனர். அக்காலத்தே இல்லத்தில் ஒரு நாடகத்தின் படத்தைப் பிடித்து வைத்தல் இயலாது. ஆகவே ஒலியையேனும் வைத்துக்கொண்டனர். எந்த ஸ்தாபனமும் அவர்களைக் கேட்கவில்லை. ஒருவரும் கூலி கொடுக்கவில்லை. தமக்கு விருப்பமான கதையை மறுபடி கேட்கவேண்டும் என்னும் அவா ஒன்றே அவர்களைத் தூண்டியது. கழகத்தார் விலையுயர்ந்த நாடாவை அழித்தனர். பள்ளிப்பிள்ளைகளோ மலிவான நாடாவைக் காத்தனர்.

படங்களும் சில தப்பின. ஜான் குரா என்னும் புகைப்படக்காரர் தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எழுபது எண்பது படங்கள் வரையில் எடுத்து, நடிகர்க்கும் இயக்குநர்க்கும் விற்று வந்தார். தம் தொழிலின் ஞாபகமாக ஏதேனும் கையிலிருக்க வேண்டுமென்று விரும்பியவர் அவற்றை வாங்கினர். "மார்க்கோ போலோ"வின் உருவத்தை இன்று நாம் ஒருவாறு அறிவதற்குக் காரணம், ஹுசேன் தாம் இயக்கிய பகுதிகட்குரிய அத்தகைய படங்களைத் தம்மிடமே வைத்திருந்தமைதான். வேறொரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்திரேலிய நாட்டுத் தணிக்கை அதிகாரிகள் சிறுவர் அஞ்சுவரெனக் கருதி வெட்டி எடுத்த துண்டுகள், அந்நாட்டு அரசாங்க ஆவணச்சாலையில் பத்திரமாகக் கிடந்தன. 1996ஆம் ஆண்டில் அந்நாட்டு ரசிகர்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தனர். சில பகுதிகளில், மக்கள் பார்க்கலாகாதென்று வெட்டப்பட்டவையே நாம் பார்க்கக்கூடியவையாய் எஞ்சின.

ஒலி கிடைத்தது; படம் இல்லை. திடீரென ஒரு கதவு திறக்கும் ஓசை கேட்கும். யார் வந்தார் என்பது விளங்காது. ஒரு கூக்குரல் கேட்கும். யார் வீழ்ந்தார் என்பது தெரியாது. இவ்விடத்திலேதான் பழைய நடிகரின் உதவி தேவைப்பட்டது. கழகத்தார் இவ்வொலிப்பதிவுகளை வெளியிட முன்வந்தபோது, அந்தந்தக் கதையில் நடித்தவரையே அழைத்து, பேச்சில்லாத இடங்களில் நிகழ்வதை விளக்கி உரைக்கச் செய்தனர். "மார்க்கோ போலோ"வுக்கு அதில் ஆசிரியர் இயன் வேடம் பூண்ட வில்லியம் ரஸல் உரைத்தார். "டாலெக்குகளின் பெருந்திட்டம்" என்னும் பன்னிரு பகுதிக் கதைக்குப் பீட்டர் பர்வ்ஸ் உரைத்தார். ட்ரௌட்டனுடன் நடித்த ப்ரேஸர் ஹைன்ஸும் அனெக் வில்ஸும் தத்தம் கதைகட்கு உரைத்தனர். இளமையிற் பேசிய தம் குரலை முதுமையில் தாமே கேட்டு, அதன் இடையிடையே நின்று, "இப்பொழுது நான் படியிறங்கி வருகிறேன்" என்பதுபோல் அவர்கள் சொல்லும்போது, ஒருவனுடைய வாழ்நாளின் இரு முனைகளும் ஒரே பதிவில் வந்து சேர்கின்றன. ரசிகன் காத்த ஒலியும் நடிகன் தந்த உரையும் இன்றேல் அக்கதைகள் வெறும் பெயர்ப்பட்டியலாகவே நின்றிருக்கும்.

இதுவரை கூறியது பழைமை பாராட்டுவோர்க்குச் சாதகமானது. இனி அவர்களை எச்சரிக்கும் ஒன்றைக் கூறவேண்டும். அதுவே இக்கட்டுரையின் முக்கிய விஷயம்.

1967ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்பான "சைபர்மென்களின் கல்லறை" என்னும் கதை பல்லாண்டு காணாமற்போயிருந்தது. சிறுவயதில் அதனைக் கண்டோர் அதைப்போன்ற கதை வேறில்லை என்று புகழ்ந்தனர்; காணாதோர் அவர் சொல்லை நம்பி ஏங்கினர். 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து அதன் நான்கு பகுதிகளும் மீண்டுவந்த செய்தி வெளியாயிற்று. மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் பார்த்தபோது, குளிர்ந்த கல்லறையினின்றும் இரும்பு மனிதர் எழும் காட்சி சிறப்பாகவே இருந்தும், ஆளைத் தூக்கும் கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. பொம்மையைத் தூக்கியெறிவது பொம்மையாகவே தெரிந்தது. நல்ல கதைதான், ஆயினும் நினைவு அதனை ஒரு காவியமாக்கி வைத்திருந்தது. அது அவ்வாறில்லை என்பதைப் பலர் மெல்ல ஒப்புக்கொண்டனர்.

இதற்கு நேர்மாறானதொன்றும் நிகழ்ந்தது. "உலகின் பகைவன்" என்னும் ஆறு பகுதிக் கதையில் மூன்றாம் பகுதி ஒன்றே எஞ்சியிருந்தது. அப்பகுதி மெதுவாகச் செல்வது. பெரும்பாலும் அறைக்குள்ளே நடப்பது. அதனை மட்டும் கண்டோர் முழுக்கதையும் சாரமற்றது என்று தீர்ப்பளித்தனர். 2013ஆம் ஆண்டு அக்டோபரில், நைஜீரியா தேசத்தின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் பிலிப் மோரிஸ் என்பவர் கண்டெடுத்த ஒன்பது பகுதிகள் வெளியாயின. அவற்றுள் இக்கதையின் ஏனைய ஐந்து பகுதிகளும் இருந்தன. முழுக்கதையும் கண்டபின் பலருடைய கருத்து முற்றிலும் மாறியது. ட்ரௌட்டன் அதில் இரட்டை வேடம் பூண்டு, நல்லவராகிய டாக்டராகவும் கொடியவனாகிய சலமாண்டராகவும் நடித்திருந்தார். தம் நடையையும் குரலையும் கண்ணின் பார்வையையுங்கூட வேறாக்கிக்கொண்டு அவர் செய்த நடிப்பு, அவருடைய மிகச் சிறந்த வேலைகளுள் ஒன்றென்று எல்லோரும் உணர்ந்தனர். ஆனால் அப்புகழைக் கேட்க அவர் இல்லை. 1987ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் ரசிகர் மாநாடொன்றிற்குச் சென்றிருந்தபோதே அவர் உயிர் நீத்தார். தம்மைக் காண வந்தவரிடையே அவர் மறைந்த அந்நாளில், அக்கதையின் ஆறில் ஒரு பங்கே உலகிலிருந்தது.

இவ்விரு கதைகளும் நமக்குப் போதிப்பது யாது? அன்புள்ள நினைவு ஒரு படைப்பை உள்ளதினும் உயர்த்தும். அரைகுறைச் சான்று அதனை உள்ளதினும் தாழ்த்தும். பொருள் முழுதும் கண்முன் இருந்தாலன்றி நீதி கிடையாது. ஆகையால் பழைய நாடகத்தைப் பற்றிப் பேசிப் பேசி இன்புறுவதைக் காட்டிலும், அதனைத் தேடிக் கண்டுபிடித்துப் பழுது நீக்கி யாவரும் பார்க்கும்படி வைத்தலே முதற்கடமை. நடிகரின் நினைவும் இவ்வாறே. பல்லாண்டு மேடைகளிற் சொல்லிச் சொல்லி மெருகேறிய ஒரு வேடிக்கைக் கதை, உண்மையில் நிகழ்ந்ததினின்றும் வெகு தூரம் விலகியிருத்தல் கூடும். அதே நடிகரைப் பழைய காட்சியின் முன் அமர்த்தி, "இதனைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், மறந்துபோன பெயரொன்று நினைவுக்கு வரும். பிழையாக நினைத்திருந்தது திருத்தம் பெறும். 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த பழைய தொகுதிகளின் குறுந்தகடுகளில், முன்னாள் நடிகர் ஒருங்கமர்ந்து தம் நாடகத்தைத் தாமே பார்த்துப் பேசும் பகுதி சேர்க்கப்பட்டமை இக்காரணத்தால் மிகப் பொருத்தமானது. நகைப்பும் கேலியும் அதில் நிறைய உண்டு. எனினும் நகைப்பினிடையே சரித்திரமும் பதிவாகிறது.

இனி, எதிர்ப்பக்கத்தார் கூறும் தடைகளை நோக்குவோம். இவையனைத்தும் வியாபாரமே என்பர் சிலர். ஒரே கதையை ஒலிநாடாவாகவும், குறுந்தகடாகவும், சித்திரப்படமாகவும் மாற்றி மாற்றி விற்பதும், நடிகர் கையெழுத்திற்குப் பணம் பெறுவதும் உண்மையே. யான் மறுக்கவில்லை. ஆனால் விற்பனையால் வந்த பணமே பழைய பிலிமைத் துலக்குவதற்கும், படமிழந்த பகுதிகட்குச் சித்திரம் வரைவதற்கும் பயன்பட்டது. "டாலெக்குகளின் வலிமை" என்னும் ஆறு பகுதிக் கதை முதலில் ஒளிபரப்பாகிச் சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2016ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி சித்திரப்படமாக வெளிவந்தது. அதன் குரல்களோ 1966ஆம் ஆண்டின் குரல்களே. 1980களில் விளையாட்டாய்த் தம் வீடுகளில் ஒலி நாடகம் தயாரித்த ரசிகர் சிலரே, 1999ஆம் ஆண்டில் பிக் பினிஷ் என்னும் நிறுவனத்தின் வாயிலாக, பீட்டர் டேவிஸன், காலின் பேக்கர், ஸில்வஸ்டர் மெக்காய் ஆகிய மூன்று முன்னாள் டாக்டர்களையும் அழைத்துப் புதிய ஒலி நாடகங்களை நடத்தத் தொடங்கினர். தொலைக்காட்சியிற் சுருக்கமாக முடிக்கப்பட்ட காலின் பேக்கரின் பாத்திரம், அவ்வொலி நாடகங்களிலேதான் தன் முழு வளர்ச்சியைப் பெற்றது என்பது பலர் துணிபு. ஏக்கம் மாத்திரம் இருந்திருப்பின் இத்தகைய புதுவேலை பிறந்திராது.

இரண்டாவது தடை இதனினும் கனமானது. பழைய நாடகத்தில் இக்காலத்தார் பொறுக்கலாகாத குற்றங்கள் உள. அவற்றை ஏன் பாராட்ட வேண்டும் என்பர். குற்றங்கள் உளவென்பது மெய். "மார்க்கோ போலோ"வில் குப்ளாய் கான் முதலிய பாத்திரங்களை ஐரோப்பிய நடிகரே ஏற்றனர். 1977ஆம் ஆண்டில் வந்த, "வெங் சியாங்கின் நகங்கள்" எனத்தக்க பெயருடைய கதையில், சீன மாயவித்தைக்காரன் வேடத்திற்கு ஆங்கிலேய நடிகர் ஒருவர் முகத்தை மாற்றிப் பூசிக்கொண்டு வந்தார். சீனரைப் பற்றிய இழிவான பேச்சும் அக்கதையில் உண்டு. வசனமும் நடிப்பும் சிறந்தவை என்று ரசிகர் நெடுங்காலம் போற்றிய கதை அது. இத்தகைய இடங்களில் ரசிகர் வாளாவிருப்பதோ, "அக்கால வழக்கம்" என்று தட்டிக்கழிப்பதோ தகாது. அதற்காக அக்கதையை மறைத்துவிட வேண்டுமென்பதும் தகாது. மறைத்தல் என்பது முன்பு நாடாவை அழித்ததன் மற்றொரு வடிவமே. குற்றத்தையும் குணத்தையும் சேர்த்தே வைத்து, இது குற்றமென வெளிப்படையாகக் கூறுதலே நேர்மை. அதில் நடித்தவரே அதனைக் கூறின், கேட்போர்க்கு அதனினும் பெரிய பாடம் வேறில்லை. லக்னோவிற் பிறந்தவர் இயக்கிய நாடகத்திலேயே கீழ்நாட்டார் வேடங்கள் பல கீழ்நாட்டார்க்குக் கிட்டவில்லை என்னும் உண்மையை அறிய வேண்டுமாயினும், அந்நாடகத்தின் படங்கள் நமக்கு வேண்டும்.

மூன்றாவது தடை, ரசிகர் தம்மை உடைமைக்காரராக எண்ணிக்கொள்கின்றனர் என்பது. இதில் எனக்கு வாதமில்லை. தாம் காத்த பொருள் தமக்கே உரியதென்னும் எண்ணம் காவற்காரனுக்கு எளிதில் உண்டாகும். புதிதாக வரும் கதையையும் புதிய நடிகரையும் பழைமையின் பெயரால் இகழ்வோர் எல்லாக் காலத்தும் இருந்திருக்கின்றனர். அத்தகையோர்க்கு அந்நாடகமே மறுமொழி கூறுகிறது: மாறுதலை அஞ்சாமையினாலேயே அது வாழ்ந்தது. ரசிகருள் சிறந்தோர் காவலோடு நின்றுவிடவில்லை. 1974ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், இந்நாடகத்தைப் புகழ்ந்து "ரேடியோ டைம்ஸ்" பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அச்சிற் கண்ட பீட்டர் கபால்டி, 2013ஆம் ஆண்டில் தாமே டாக்டரானார். பிள்ளைப் பருவத்தில் இதனைக் கண்டு மகிழ்ந்த ரஸல் டேவிஸ் 2005ஆம் ஆண்டில் இதனை மீண்டும் எழுப்பினார். பெற்றதைக் காத்து, காத்ததைப் பெருக்கி, பிறர்க்குக் கொடுத்தவர் இவர்.

2023ஆம் ஆண்டு நவம்பரில், நாடகத்தின் அறுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, கழகத்தார் "டார்டிஸ் கதைகள்" என்னும் ஒரு சிறு வரிசையை வெளியிட்டனர். முன்னாள் நடிகர் இருவர் இருவராகத் தம் பழைய வேடத்திலேயே, ஆனால் முதியவராகவே வந்து, ஒரு பழைய கதையை நினைவுகூர்வது அதன் அமைப்பு. மொரீன் ஓப்ரையனும் பீட்டர் பர்வ்ஸும் 1965ஆம் ஆண்டின் கதை ஒன்றை நினைத்தனர். ப்ரேஸர் ஹைன்ஸும் வெண்டி பாட்பரியும் 1968ஆம் ஆண்டின் கதை ஒன்றை நினைத்தனர். பின்னிருவர் ஏற்ற பாத்திரங்கட்கு ஒரு தனிச்சிறப்புண்டு. 1969ஆம் ஆண்டில், டாக்டருடன் அவர்கள் செய்த பயணங்களின் ஞாபகம், முதற்பயணம் ஒழிய மற்றையவெல்லாம், அவர்கள் மனத்தினின்றும் துடைக்கப்பட்டதாகக் கதை முடிந்திருந்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகட்குப் பின் அவர்கள் சந்தித்து, இழந்த ஞாபகத்தைப் பெறுவதைக் கண்டபோது, கதையும் மெய்யும் எனக்கு ஒன்றாகவே தோன்றின. கதையில் துடைக்கப்பட்டது பாத்திரங்களின் நினைவு. மெய்யில் துடைக்கப்பட்டது நாடா. இரண்டையும் மறுபடி தந்தவர் மறக்க மறுத்த மனிதரே.

அதற்கு முந்தின ஆண்டில் மற்றொரு காட்சி. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி ஒளிபரப்பான கதையின் இறுதியில், டாக்டருடன் முன்னர்ப் பயணம் செய்தோர் வட்டமாக அமர்ந்து பேசுகின்றனர். அவர் நடுவே, 1963ஆம் ஆண்டின் முதற்பகுதியிலே டார்டிஸினுள் அடியெடுத்து வைத்த அதே வில்லியம் ரஸல், தம் 97ஆம் வயதில், சிறிது நேரமே தோன்றுகிறார். அவர் அவ்வேடத்தை இறுதியாகப் பூண்டது 1965ஆம் ஆண்டில். இடைப்பட்டவை 57 ஆண்டுகள். அவருடைய சக நடிகரும் ரசிகரும் கண்கலங்கியது வியப்பன்று. 2024ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி அவர் தம் 99ஆம் வயதில் காலமானார். "மார்க்கோ போலோ"வுக்கு உரை சொல்லும்படி அவரைச் சில ஆண்டுகள் கழித்துக் கேட்கலாமென யாரேனும் ஒத்திவைத்திருப்பின்? 2013ஆம் ஆண்டில் நைஜீரியாவிலிருந்து மீண்ட தம் கதையை ஹைன்ஸுடன் அமர்ந்து கண்டு மகிழ்ந்த டெபோரா வாட்லிங், 2017ஆம் ஆண்டிலேயே மறைந்தார். பிலிம் ஐம்பது ஆண்டு ஒரு தகரப் பெட்டியிற் காத்திருக்கும். மனிதர் அவ்வாறு காத்திரார்.

ஆகவே அன்பர்களே, முதிய நடிகரும் அவரைச் சூழ்ந்த ரசிகரும் ஒரு பழைய கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கண்டால், அருள்கூர்ந்து சற்று நின்று கேளுங்கள். அவர் பேச்சில் மிகைபடக் கூறல் இருக்கும்; அதனைக் கழித்துக்கொள்ளுங்கள். குற்றம் மறைத்தல் இருக்குமாயின், மரியாதையுடன் வினவுங்கள். ஆனால் நகைத்துவிட்டு அப்பாற் போகவேண்டாம். எது நிலைபெறும், எது நிலைபெறாது என்பதை அந்தந்தக் காலத்து அதிகாரிகள் அறியமாட்டார்கள். 1967ஆம் ஆண்டில் நாடாவை அழிக்கக் கையொப்பமிட்டவரும் அறியவில்லை. மைக்கைக் கையிற் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி அமர்ந்திருந்த சிறுவனும் அறிந்தானல்லன். எனினும் அவன் தனக்கு இனியதைக் காத்தான், அது பிறர்க்கும் உதவிற்று. உங்களுள் எவரேனும் நாளை ஓர் அலுவலகத்தின் பழைய பெட்டிகளை அப்புறப்படுத்தும்படி உத்தரவிடும் பதவியில் அமரக்கூடும். கையொப்பம் இடுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் உள்ளதை அறிந்த முதியவர் ஒருவர் உயிருடன் இருப்பாராயின், அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதே என் விண்ணப்பம்.